பாய்வது மாமா, விழுவது அத்தை

என் மாமா கண்டியில் வட்டபுளுவயில் இருக்கிறார். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கு வங்கியிலும் கச்சேரியிலும் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இலக்கணம் அவர்களுக்கு எப்போதோ மறந்துபோயிருக்கும். 'லீப் இன் த டார்க்' மட்டும் மறந்திருக்காது.

இருட்டில் பாயாதே என்பதுதான் சங்கதி. யாராவது கொஞ்சம் துணிந்து ஏதோ செய்யப்போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சாரத்து நுனியால் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். திரும்ப மாட்டிக்கொண்டு, "திஸ் இஸ் எ லீப் இன் த டார்க்" என்று தீர்ப்புச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பையன் கட்டாருக்குப் போனான், லீப். சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் முதலாளி இரண்டாவது பேக்கரி திறந்தார், லீப். அத்தை வழக்கமான கடையை விட்டுவிட்டு வேறொரு கடையில் கருவாடு வாங்கினார், அதுவும் லீப். கல்யாண வீடுகளில் மாமாவை மணமேடைக்குப் பக்கத்தில் விடுவதில்லை. ஒரு தடவை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்துகிற சாக்கில் இதைச் சொல்லிவிட, பெண் வீட்டார் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆள்மாற்றி ஆளாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண விஷயத்தில் மாமாவுக்கு இலக்கியத்தின் துணை இருக்கிறது. டேனியல் டிஃபோ 1722இல் எழுதிய 'மோல் ஃபிளாண்டர்ஸ்' நாவலில் கல்யாணத்தைப் பற்றித்தான் இந்தத் தொடர் வருகிறது. அதற்கும் முன்னால், தோமஸ் ஹொப்ஸ் என்ற தத்துவ ஞானி 1679இல் சாகக் கிடந்தபோது மரணத்தை இப்படிச் சொன்னார் என்றொரு கதை உண்டு. மாமாவுக்குப் பிடித்தவர் இந்த இருவரும் இல்லை, டார்பி பிரபு. 1867இல் இங்கிலாந்தில் நகரத்துத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை கொடுக்கும் சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று இது இருட்டில் பாய்கிற வேலை என்று டார்பி சொன்னார். வகுப்பில் மாமா இதை நடித்தே காட்டுவாராம். கதிரையில் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தி, கூரையைப் பார்த்து.

அவர் வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே டார்பியின் அரசாங்கம். அவர்தான் பிரதமர். எதிர்க்கட்சியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தவர் இல்லை அவர். பாய்ந்துகொண்டே, 'பாருங்கள், இது பாய்ச்சல்' என்று அறிவித்தவர். இதை மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீட்டெய்ல்ஸ்" என்றார்.

நமக்கு இந்த வகையில் ஆங்கிலத்திடம் கடன் வாங்கத் தேவையில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதே பாட்டிமார் முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்றும் சொல்லிவைத்தபடியால், நம் ஆட்களுக்கு எந்தக் காரியத்துக்கும் ஒரு பழமொழி கையிருப்பில் உண்டு. போவதற்கு ஒன்று, போகாமலிருக்க ஒன்று.

ஆனால் இந்தத் தொடரைச் சொல்லிக்கொண்டு வாழ்வதற்குக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே வந்து இருட்டில் பாய்ந்தவர்களின் பட்டியல் அவ்வளவு நீளம். மூன்று பக்கம் மகாவலி கங்கை வளைந்து ஓடுகிறது. சுற்றிலும் மலை, அன்றைக்குக் காடு. இத்தனை இருந்தும் கண்டிக்குள் நுழைவது யாருக்குமே பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. வீட்டுக்காரன் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பின்வாசலால் போய்விட்டால், உள்ளே வந்தவனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும். கண்டி ராஜாக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது இதைத்தான். எதிரி வருகிறான் என்றால் ஊரைக் காலிசெய்து மலைக்குப் போய்விடுவார்கள். எதிரி கொடியை ஏற்றிவிட்டு, அடுத்த வேளை சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் யுத்தமே ஆரம்பம்.

1594இல் பெரோ லோபெஸ் டி சூசா என்ற போர்த்துக்கேயத் தளபதி வந்தார். கண்டி இளவரசி குசுமாசன தேவியை, அவர்கள் வைத்த பெயரில் டோனா கத்தரீனாவை, சிம்மாசனத்தில் ஏற்றுவது திட்டம். அவர் படையில் பெரும்பகுதி லஸ்கரீன்கள் என்ற இந்நாட்டு வீரர்கள். அவர்களுக்குத் தலைவன் ஜயவீர பண்டாரம். எதிர்ப்பக்கத்தில் விமலதர்மசூரியன் ஒரு கடிதம் எழுதினான்: ஜயவீரனும் தானும் கூட்டு என்பதுபோல. எழுதியது மட்டுமில்லை, அது போர்த்துக்கேயர் கையில் கிடைக்கும்படியும் பார்த்துக்கொண்டான். தளபதி படித்தார், கொதித்தார், ஜயவீரனைத் தீர்த்துக்கட்டினார். தலைவன் போனதும் லஸ்கரீன்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் தந்துரேயில் மாட்டிக்கொண்டார்கள். விமலதர்மசூரியன் யுத்தத்தையும் வென்று, டோனா கத்தரீனாவையும் கட்டிக்கொண்டான். ஒரு மொட்டைக் கடிதத்தின் பலன்! இன்றைக்கும் நம் காரியாலயங்களில் மொட்டைக் கடிதத்துக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தால், தளபதியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.

1638இல் இன்னொருவர், டியோகோ டி மெலோ டி காஸ்ட்ரோ. இவர் கதையில் ஒரு யானை இருக்கிறது. இரண்டாம் இராஜசிங்கன் ஒரு போர்த்துக்கேய வியாபாரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த யானையை டி மெலோ பிடுங்கிக்கொண்டாராம். ராஜா பதிலுக்கு டி மெலோவின் குதிரைகளை வைத்துக்கொண்டு, யானை வந்தால் குதிரை வரும் என்று சொல்லியனுப்பினாராம். டி மெலோ படையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் காலி. எரித்துவிட்டுத் திரும்பினார். பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவயில் வளைத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயரில் உயிரோடு பிடிபட்டவர்கள் 33 பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. யானை கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. யானைக்கும் அதைப்பற்றிக் கவலை இருந்திருக்காது.

ஒல்லாந்தர் 1765இல் வந்தார்கள். அதே காலி ஊர், அதே பசி, அதே காய்ச்சல். சில மாதத்தில் போனார்கள்.

இனி வட்டபுளுவக் கதைக்கு வருவோம். மாமாவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அது நடந்தது.

1803. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கொழும்பில் இருக்கிறார். கண்டியின் முதல் அதிகாரம், அதாவது முதன்மந்திரி, பிலிமத்தலாவ. இவர்தான் கண்ணுச்சாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கிச் சிம்மாசனத்தில் வைத்தவர். வைத்த பிறகு இறக்குவதற்கும் நோர்த்தோடு ரகசியம் பேசியவர். நோர்த் நம்பினார். சண்டைக்கு ஒரு சாக்குத் தேவை. புத்தளம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறிமுதல் செய்தது சாக்காக வந்து வாய்த்தது. போர்த்துக்கேயர் யானைக்காக வந்தார்கள் என்றால் வெள்ளைக்காரன் பாக்குக்காக வந்தான். வெற்றிலையைப் பற்றி நல்லவேளையாக யாருக்கும் வழக்கு வரவில்லை.

பெப்ரவரியில் ஜெனரல் மக்டொவல் கொழும்பிலிருந்தும், கேர்னல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் படையோடு கண்டிக்குள் நுழைந்தார்கள். வழக்கம்போல் ஊர் காலி. நாயக்கர் குடும்பத்து முத்துசாமியைக் கூட்டிவந்து ராஜா என்று அறிவித்தார்கள். ராஜாவுக்கு அரண்மனை இருந்தது, குடிமக்கள்தான் இல்லை. பிறகு காய்ச்சல் வந்தது. மக்டொவல் கொழும்புக்குப் போய்விட்டார். பார்பட் காய்ச்சலில் செத்தார். பாதிப் பேர் பாயில் கிடக்கும் படை, மேஜர் ஆடம் டேவி என்பவர் தலையில் விழுந்தது. அவர் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர் இல்லை.

ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை திரும்பி வந்து தாக்கியது. டேவி பேசிப் பார்த்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை விட்டுவிட்டு, முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு வட்டபுளுவவரை வந்தார். அங்கே மகாவலி. தென்மேல் பருவக்காற்று மாதம், இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர். ஓடம் இல்லை. தெப்பம் கட்டிப் பார்த்தும் நடக்கவில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் ஓடம் கிடைக்கும் என்றார்கள். ஒப்படைத்தார். முத்துசாமியைக் கொன்றார்கள். ஓடம் வரவில்லை. பிறகு ஆயுதத்தைக் கீழே வை என்றார்கள். வைத்தவர்களையும் கொன்றார்கள். கண்டியில் விட்டுவந்த நோயாளிகளும் அநேகமாக மிஞ்சவில்லை. டேவியை உயிரோடு வைத்திருந்தார்கள். ஊர் திரும்பாமலே கைதியாகச் செத்தார். பேச்சுவார்த்தை நடந்த இடத்து மரத்துக்கு 'டேவி மரம்' என்று பெயர் நின்றது. இப்போது அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

மாமா விருந்தாளிகளை அங்கே கூட்டிப் போவார். நின்று, கண்ணாடியைத் துடைத்து, "சீ? லீப் இன் த டார்க்" என்பார்.

"யாரு மாமா பாஞ்சது?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"டேவி."

"அவரு எங்க பாஞ்சாரு? கரையில நின்னு பேசிக்கிட்டே இருந்தாரே. பாஞ்சவரு கொழும்புல இருந்தாரு."

மாமாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு இந்தக் கதையில் கண்ணில் படுவது இதுதான். நோர்த் 1805இல் சௌக்கியமாக இங்கிலாந்து திரும்பினார். பின்னாளில் கில்ஃபர்ட் பிரபு ஆனார். கிரேக்க மோகம் பிடித்து, கோர்பு தீவில் 1824இல் அயோனியன் கல்விக்கழகத்தை நிறுவினார். கிரேக்கர்கள் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். பாக்குக்காகப் படை அனுப்பிய மனிதர் கிரேக்கத்தில் கல்வித் தந்தை. கரையில் நின்ற டேவிக்குத்தான் கோழை, கையாலாகாதவர் என்று பெயர். பாய்கிறவன் ஒருவன், விழுகிறவன் இன்னொருவன் என்பது கண்டியில் மட்டும் நடப்பதில்லை. கண்டியில் அதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அவ்வளவுதான்.

டேவி விழுந்த அடுத்த வருடம் இதற்கு நேரெதிரான ஒரு கூத்து நடந்தது. ஆறு இடங்களிலிருந்து ஆறு படைகள் ஒரே சமயத்தில் கண்டிக்குப் போவது என்று திட்டம். மட்டக்களப்பிலிருந்து புறப்பட வேண்டியவர் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். பிறகு மழையோ என்னவோ, மேலிடம் திட்டத்தை மாற்றியது. மாற்றியதைச் சொல்ல எழுதிய கடிதம் எப்படி எழுதப்பட்டிருந்தது என்றால், அதைப் படித்த ஜோன்ஸ்டன் பழைய திட்டமே நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கையில் சுமார் 300 பேர். 1804 ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டியில் போய் நின்றார். மற்ற ஐந்து படைகளைக் காணோம். இன்று வரும், நாளை வரும் என்று அந்தக் காலி ஊரில் காத்திருந்தார். எதுவும் வராது என்று தெரிந்ததும், அடித்துப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டே திருகோணமலை போய்ச் சேர்ந்தார். அரசாங்கக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு நம் காலத்திலும் பயிற்சி போதாது என்பது என் அபிப்பிராயம்.

உயிரோடு திரும்பியதால் அவர் வீரர். 1810இல் லண்டனில் புத்தகமே போட்டார். கடிதத்தை எழுதியவர் புத்தகம் போடவில்லை.

"இது லீப் இல்லையா மாமா?"

"நோ, நோ. திஸ் இஸ் கரேஜ்."

ஆளாளுக்கு வந்து இப்படிப் பாய்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் ஜோன் டொயிலி என்பவரும் இங்கே இருந்தார். 1801இல் இலங்கைக்கு வந்தவர். சிங்களம் படித்தார். பிக்குமாரோடும் வியாபாரிகளோடும் பேசினார். கண்டிக்குள் யாருக்கு யாரோடு கோபம், எந்த அதிகாரத்துக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு நாட்குறிப்பில் எழுதினார். வருடக்கணக்காக இதே வேலை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் போனபோது சண்டை என்று சொல்லத்தக்க சண்டையே இல்லை. மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குப் போனார். பறிகொடுத்த ஊர்க்காரனாக எனக்கு டொயிலியைப் புகழ மனமில்லை. ஆனாலும் கண்டிக்குக் காலை வைக்குமுன் ஊராரிடம் விசாரித்த ஐரோப்பியன் அவர் ஒருவர்தான். விசாரித்தவன்தான் ஊரையும் கொண்டுபோனான்.

விசாரித்துச் செய்த நல்ல காரியமும் வட்டபுளுவயிலேயே இருக்கிறது. மினெட் டி சில்வா என்ற கண்டிப் பெண், உலகறிந்த கட்டடக் கலைஞர், 1950களின் பிற்பகுதியில் இங்கே அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் ஒன்றைச் செய்தார். படம் வரைவதற்கு முன்னால், குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டார். எத்தனை பேர் வீட்டில், என்ன வசதி, எவ்வளவு செலவு தாங்கும் என்று விசாரித்து, ஆளுக்கேற்றபடி வகைவகையாக வீடுகளை அமைத்தார்.

மாமாவின் வீடு அந்தத் திட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாமாவே படம் வரைந்து கட்டியது. யாரையும் கேட்கவில்லை. முன் விறாந்தை பெரிதாக இருக்கிறது, மாமா உட்கார்ந்து பேப்பர் படிக்க. குசினிக்கு யன்னல் மழையடிக்கிற பக்கம். திறந்தால் சாரல், மூடினால் புகை. அத்தை ஜூன் மாதத்தில் ஒரு கையால் தாளித்து மறு கையால் யன்னலை ஆட்டிக்கொண்டிருப்பார்.

அந்தக் குசினியிலிருந்துதான் குக்கர் வாஷர் விவகாரம் புறப்பட்டது.

எசல பெரஹரா ஊர்வலத்தின் கடைசி ரந்தோலி நாள். கண்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: அன்றைக்குக் காலையிலிருந்தே சனம் தெருவோரத்தில் பொலித்தீன் விரித்து இடம் பிடித்துவிடும். பிற்பகலில் ரோட்டுகளை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நகரத்துக்குள் போன வாகனம் நள்ளிரவு தாண்டித்தான் வெளியே வரும்.

நாலு மணியிருக்கும், அத்தையின் குக்கர் விசிலடிக்காமல் பக்கவாட்டில் சீறியது. வாஷர் போய்விட்டது.

"வாப்பா, டவுனுக்குப் போய் வாஷர் வாங்கிட்டு வந்துருவோம். அஞ்சு நிமிச வேலை" என்றார் மாமா.

"இன்னைக்குக் கடைசி ரந்தோலிங்க" என்றார் அத்தை. "பருப்பை நான் சட்டியிலயே போட்டுக்கிறேன். நாளைக்கு வாங்கலாம்."

"பெரஹரா ராத்திரிதானே? நாங்க போறது வெயில்ல."

மாமாவின் பழைய நிசான் சன்னி கிளம்பியது. கட்டுகஸ்தோட்டை ரோட்டில் வாகனங்கள் எல்லாம் எங்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. "பாத்தியா, டவுன் காலியாகுது. பார்க்கிங் லேசா கிடைக்கும்" என்றார் மாமா. காலி ஊரைப் பார்த்து டி மெலோவும் மக்டொவலும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி இடப்பக்கம் திருப்பினார். அடுத்தவர் வலப்பக்கம் திருப்பினார். மூன்றாமவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "குக்கர் வாஷர்" என்றார் மாமா. அவர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சந்துக்குள் போகச் சொன்னார். நாங்கள் நுழைந்ததும் பின்னால் இரும்புத் தடுப்பை இழுத்து மூடினார்கள்.

வாஷர் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் கடை வாசலிலேயே குடும்பத்தோடு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி வீட்டிலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் பெரஹராவை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு பையன் வெற்றுச் சோடாப் பெட்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். மாமா ஒன்றை எடுத்துக் கவிழ்த்து ஏறி நின்றார். அவர் தள்ளாடாமலிருக்க முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. முதலில் சவுக்குக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கட்டடச் சுவர்கள் பதில் சொல்லின. பந்தக்காரர்களின் இரும்புக் கூடையில் கொப்பரை எரிகிற வாசம் சட்டையில் ஏறியது. கூடையில் நெருப்புத் தணியும்போதெல்லாம் ஒருவர் சாக்கிலிருந்து கொப்பரைத் துண்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டே ஓடினார். அவர் முகத்தில் பெரஹரா பார்க்கிற களை கொஞ்சமும் இல்லை. வெள்ளைத் துணி விரிப்பில் பேழையைச் சுமந்த யானை நடந்து வந்தபோது, சோளம் விற்றவன்கூட விற்பதை நிறுத்திக் கும்பிட்டான். நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், பிறகு கதிர்காமத் தேவாலயத்தின் காவடி. கடைசியில் பத்தினி தேவாலயம், பெண்கள் ஆடி வர.

"நம்ம கண்ணகிதான்" என்றார் மாமா மேலேயிருந்து.

"தெரியும் மாமா. கொஞ்சம் அசையாம நில்லுங்க."

இந்த நேரமெல்லாம் அத்தை எங்கே இருந்தார்? படலையில். கைபேசிக்கு அழைப்புப் போகாத அளவுக்கு நகரத்தில் சனம். சட்டியில் பருப்பு வெந்து, ஆறி, திரும்பச் சூடாகி, மறுபடி ஆறியது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி துணைக்கு வந்து, தன் கணவரும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

மறுநாள் விறாந்தையில் யாரோ வந்திருந்தார்கள். மாமாவின் குரல் குசினிவரை கேட்டது. "சும்மா போக முடியுமா? நேரத்தோட போய், கார் நிறுத்தச் சரியான இடம் பாத்து, கடை வாசல்ல உசரமான இடத்துல நின்னு பாத்தோம். எல்லாம் பிளான்." ஜோன்ஸ்டன் புத்தகம் எழுதியபோதும் இப்படித்தான் எழுதியிருப்பாரோ என்று நினைத்தேன். அந்த விருந்தாளிக்கும் எங்களுக்கும் சேர்த்து அத்தை தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாஷர் இன்னும் வாங்கவில்லை.

இந்தச் சின்னச் சங்கதியைப் பெரிய சங்கதியோடு முடிச்சுப் போடுவது நியாயமா என்று கேட்கலாம். மலையகத்துக்காரனுக்கு அந்த முடிச்சுத் தானாகவே விழுகிறது. டி மெலோ விழுந்த அதே கன்னொறுவயில்தான் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநரே போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1840களில் நீதிபதி, படை அதிகாரி, பாதிரியார் என்று சம்பளம் வாங்குகிற வெள்ளைக்காரன் எல்லாம் காணி வாங்கினான். அநேகம் பேருக்குக் கோப்பிச் செடியைக் கோப்பையில் ஊற்றித்தான் தெரியும். 1847இல் விலை சரிந்தது, பலர் திவாலானார்கள். திரும்ப எழுந்தது, திரும்பப் பாய்ந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியபோதும் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் புதுக் காட்டை வெட்டினார்கள். நோயின் லத்தீன் பெயர் வாயில் நுழையாமல், நாசகார எமிலி என்று செல்லப் பெயர் வேறு வைத்தார்கள். 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்தது. துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கோப்பியைப் பறிக்க மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் என் பாட்டன் பூட்டன்மார். செடிக்கு அடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதை நம்பி வந்தார்கள் என்று நம் ஆட்களே சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பஞ்சத்தில் கிடந்தவனுக்கு மாசிக் கருவாட்டுக் கதை வேண்டியதில்லை. ஒரு வேளைச் சோறு என்றாலே நடந்திருப்பான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் முன்பணக் கடனோடு வந்து சேர்ந்தார்கள். கோப்பி விழுந்தபோது சம்பளம் நிலுவையில் நின்றதும் அவர்களுக்குத்தான். காணி வாங்கியவன் பாய்ந்தான். அவன் எப்படியும் கப்பலேறிவிட்டான்.

ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் மட்டும் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டுப் பார்த்தார். எல்லோரும் கோப்பி கோப்பி என்று இருந்த காலம். சின்னதாகப் போட்டு, பங்களா விறாந்தையில் கையால் இலையை உருட்டிப் பார்த்து, பழகிக்கொண்டார். அதுதான் பிறகு நாட்டைத் தாங்கியது.

இதையெல்லாம் நான் வட்டபுளுவ விறாந்தையில் உட்கார்ந்து மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். நோர்த் பாய்ந்து டேவி விழுந்ததையும், துரை பாய்ந்து தொழிலாளி விழுந்ததையும் சொல்லி, அந்த வரிசையில் குக்கர் வாஷரையும் மரியாதையாக வைத்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். பிறகு, யாரோ ஒருவர் மாத்தளையில் மிளகுக் காணி ஒன்றை மலிவாக விற்கிறாராம், அடுத்த கிழமை பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டு வரலாமா என்று என்னைக் கேட்டார்.

"காணி பாத்தீங்களா மாமா?"

"போட்டோ பாத்தேன்."

குசினியில் யன்னல் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். வரலாறு, டார்பி பிரபு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

"இவரு எங்க வேணும்னாலும் பாயட்டும், தம்பி. வங்கிப் புத்தகத்தையும் கார் சாவியையும் மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் பாயச் சொல்லு."

இரண்டும் இப்போது அத்தையிடம்தான் இருக்கின்றன. மாத்தளைக் காணி விற்பனைக்கு இருக்கிறது; வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.